வலி வருவதற்கு முன்

மகப்பேற்றில் ஒரு தாய் இறந்துபோனால், மூன்று தாமதங்களில் எது அவரைக் கொன்றது என்று கேட்பது எங்கள் துறையின் வழக்கம். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். வண்டி கிடைத்துப் போய்ச் சேர்வதில் ஏற்படுவது இரண்டாவது. போய்ச் சேர்ந்த இடத்தில் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. சாலையும் வண்டியும் வந்தால் இரண்டாவது குறையும். மருத்துவரும் ரத்தமும் தயாராக இருந்தால் மூன்றாவது குறையும். முதல் தாமதம் மட்டும் வீட்டு நிலைப்படிக்கு உள்ளே இருக்கிறது, அங்கே அரசாங்கத்தின் சார்பில் போய் உட்காரக்கூடியவர் கிராம சுகாதார செவிலியர் ஒருவர்தான். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராகி, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்ற என்னிடம், இத்தனை ஆண்டுகள் என்னதான் வேலை பார்த்தீர்கள் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அந்த முதல் தாமதத்தோடு மல்லுக்கட்டினேன் என்று சொன்னால் அவர்களுக்குப் புரிவதில்லை என்பதால், கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனைச் செவிலியரையும் எங்களையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். மே 12 செவிலியர் தினத்தன்று வரும் வாழ்த்துப் படங்களில் வெள்ளுடையும் தொப்பியும் அணிந்தவர்தான் இருப்பார். தடுப்பூசிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெரு நாய்களுக்குப் பயந்து பயந்து போகிறவரை யாரும் படம் போட்டதில்லை. மருத்துவமனைக்கு நோயாளி தேடி வருவார். நாங்களோ நோய் என்று எதையும் உணராதவர்களைத் தேடிப் போய், உங்களுக்கு இன்ன ஆபத்து வரக்கூடும் என்று சொல்லி, அவர்களுடைய எரிச்சலையும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியவர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது ஏட்டுக் கணக்கு. அந்த 5,000 பேரில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, யார் வீட்டில் காசநோய் மாத்திரை பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் ஒரு செவிலியரின் தலையில் இருந்தாக வேண்டும். நான் படித்த காலத்தில் இதற்கான பயிற்சி ஒன்றரை ஆண்டு. ஒரு மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்று அந்த ஒன்றரை ஆண்டில் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அந்த வீடுகளும் அவற்றைச் சுற்றியிருக்கும் வீடுகளும் சேர்ந்ததுதான் ஊர். முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும் ஒரு வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய தம்பதியர் மட்டும் இருப்பார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமாக உள்ள காலனி வீட்டில் ஆறு பேர் இருப்பார்கள். கண்மாய் பெருகிய ஆண்டில் வயல் வேலை, பெருகாத ஆண்டில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, இல்லையென்றால் கட்டட வேலைக்கு வெளியூர் போவது என்று அவர்களுடைய பிழைப்பு ஓடும். பெரிய வீடுகளுக்கு முன்வாசல் வழியாகப் போகக் கூடாது என்பதைச் சேர்ந்த புதிதிலேயே தெரிந்துகொண்டேன். யாரும் தடுத்ததால் அல்ல. முன்வாசலில் போனால் உட்கார வைத்து, காபி கொடுத்து, எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பின்தெருப் பக்கம் அடுப்படி வழியாகப் போனால்தான், ஆச்சிக்கு இரண்டு நாளாகக் கால் வீங்கியிருப்பதும், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கு மூன்று மாதம் ஆகியிருப்பதும் தெரிய வரும்.

1990களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஊரில் வீட்டுப் பிரசவம் சாதாரணமாக நடந்தது. ஊருக்கு ஒரு மருத்துவச்சி இருந்தார். அவரைப் போட்டியாளராகப் பார்க்கும்படி சிலர் எனக்கு அறிவுரை சொன்னார்கள். நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அந்த ஊரில் ஒரு மாதம்கூடக் காலம் தள்ளியிருக்க முடியாது. சுத்தமான கை, சுத்தமான விரிப்பு, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், தொப்புளில் எதையும் பூசாமல் விடுவது என்ற ஐந்து சுத்தங்களை அவருக்கு நான் சொன்னேன். எந்த வீட்டில் யார் சொல் எடுபடும் என்பதை எனக்கு அவர் சொன்னார். அந்தப் பாடம் எந்தப் பயிற்சி ஏட்டிலும் இல்லை. முடிவெடுப்பது கர்ப்பிணி அல்ல என்பதும், பெரும்பாலும் கணவரும் அல்ல என்பதும், மாமியார், நாத்தனார், சில வீடுகளில் மூத்த மருமகள் என்று அந்த அதிகாரம் இடம் மாறி இருக்கும் என்பதும் அவரிடமிருந்து தெரிந்துகொண்டவை.

ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளிறிப்போயிருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த முறை போகும்போது உறை பிரிக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. “மாத்திரையைத் தின்னா பிள்ளை பெருத்துப்போகும், பெத்தெடுக்க முடியாது” என்பது மாமியாரின் தீர்ப்பு. அந்தக் காலத்தில் எங்களிடம் சாலி ஹீமோகுளோபின் மீட்டர் என்ற சிறிய பெட்டி உண்டு. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அடிக்கோடு வரை நீர்த்த அமிலத்தை விட்டு, விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை மெல்லிய பிப்பெட்டால் அளந்து அதில் ஊத வேண்டும். பத்து நிமிடத்தில் ரத்தம் பழுப்பாக மாறிவிடும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வந்து, இரு பக்கமும் உள்ள பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு எந்த இடத்தில் ஒத்துப்போகிறதோ அந்தக் கோட்டைப் படிக்க வேண்டும். அன்றைக்கு நான் மாமியாரை எதிரே உட்கார வைத்து, நிறம் ஒத்துப்போனதும் நிறுத்தச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்தேன். மருமகளுக்கு ஏழரையிலேயே “போதும், போதும்” என்றுவிட்டார். “உங்க கையையும் கொடுங்கத்தா” என்று வாங்கி, குழாயைக் கழுவிவிட்டு அவருடைய ரத்தத்தையும் அதேபோல வைத்தேன். நீர் ஏறிக்கொண்டே போயிற்று. பதினொன்றைத் தொட்ட பிறகுதான் நிறம் சேர்ந்தது. அவர் இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். “அவ ரத்தம் இம்புட்டுத் தண்ணிதான் தாங்குதா?” என்று கேட்டார். கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, ஏழுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை, அந்த நிலையில் பிரசவத்தின்போது சாதாரண அளவு உதிரப்போக்கையே உடம்பு தாங்காது என்பதையெல்லாம் அதற்குப் பிறகு சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டார். மாத்திரையைக் காபியோடு கொடுக்க வேண்டாம், எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள், மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தவர் அந்த மாமியார்தான்.

இன்று டிஜிட்டல் கருவியில் ஒரு சொட்டு ரத்தத்தில் எண் வந்துவிடுகிறது. சாலி முறையைவிட அது துல்லியமானது, விரைவானது; பழையதே சிறந்தது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் எண் திரையில் தோன்றியவுடன் செவிலியர் அதைச் செயலியில் பதிந்துவிட்டு எழுந்துவிடுகிறார். மாமியாரை எதிரே உட்கார வைக்க அந்தப் பத்து நிமிடம் கொடுத்த சாக்கு இப்போது இல்லை. வேறு சாக்கை இளைய செவிலியர்கள் கண்டுபிடித்தாக வேண்டும்.

தேதி கணிப்பதும் எங்கள் பக்கத்தில் தனிக் கலை. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி வரும் என்பது சூத்திரம். அந்த முதல் நாளை ஆங்கிலத் தேதியில் சொன்ன பெண்களை என் தொடக்க காலத்தில் நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். “குன்றக்குடித் தைப்பூசத்துக்கு நடந்து போறவங்க எங்க ஊரைத் தாண்டினதுக்கு மறுநாள்”, “முத்துமாரியம்மன் பால்குடத்தப்ப தலைக்கு ஊத்தியிருந்தேன், அதனால கோயிலுக்குப் போகலை” என்றுதான் பதில் வரும். ஆகவே, பழைய ஆண்டின் தினசரி நாட்காட்டியைத் துணை சுகாதார நிலையத்தில் கிழிக்காமல் வைத்திருப்பேன். கோயில் திருவிழாக்களை வைத்துக் கணித்த தேதி பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பதை இங்கே பதிவுசெய்ய ஆசைப்படுகிறேன். தீட்டுக் காரணமாகக் கோயிலுக்குப் போகாத நாளை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை.

அந்தத் தேதியோடு கூடவே வருவது தாய்வீட்டுப் பிரச்சினை. தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். கல்லல் பக்கத்தில் மாமியார் வீட்டில் இருந்தபோது ஒரு செவிலியரின் ஏட்டில் இருந்தவள், திருமயம் பக்கத்தில் தாய்வீட்டுக்குப் போன நாளிலிருந்து எந்த ஏட்டிலும் இருக்க மாட்டாள். மாவட்டமே வேறு. ரத்த அழுத்தம் ஏறுவதும் கால் வீங்குவதும் சரியாக அந்தக் கடைசி மாதங்களில்தான். இதற்கென்று யாரும் உத்தரவு போடவில்லை என்றாலும், வளைகாப்புக்கு நாள் குறித்தவுடன் தாய்வீட்டுப் பக்கத்துச் செவிலியரின் பெயரை விசாரித்து, அவருக்குத் தபால் அட்டை எழுதிவிடுவேன். பிறகு தொலைபேசி வந்தது. 2008இல் வந்த பிக்மி என்ற கணினிப் பதிவு முறையில் தாய்க்கு ஓர் எண் கிடைத்து, அவள் எங்கே போனாலும் அந்த எண் கூடவே போக வழி பிறந்தது. கணினிப் பதிவைப் பற்றி எனக்கு ஆயிரம் மனக்குறை உண்டு, அதில் இந்த ஒன்றுக்காக அத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

2000க்குப் பிறகான பத்தாண்டுகளில் எல்லாம் விரைவாக மாறின. மூன்று செவிலியர்கள் முறை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும்படி ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாற்றப்பட்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதி உதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. (அவர் பிறந்தது எங்களுக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில், 1886இல். படிவம் நிரப்ப வந்த பெண்களிடம் இதைச் சொன்னால், “நம்ம பக்கத்துப் பொண்ணா?” என்று மகிழ்ந்துபோவார்கள்.) அந்தப் பணம் சத்தான சாப்பாட்டுக்குப் போயிற்றா, வீட்டுக் கடனுக்குப் போயிற்றா என்று விவாதிப்பவர்கள் உண்டு. என் கண்ணில் பட்டது வேறு. பணம் அவள் பெயரில் வங்கிக்கு வர வேண்டும் என்பதால் பல பெண்களுக்கு முதன்முறையாகச் சொந்தமாக ஒரு பாஸ்புக் கிடைத்தது. அது கையில் இருந்த பெண் வீட்டுக்குள் பேசுகிற குரலே வேறாக இருந்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தபோது இரண்டாவது தாமதத்தில் பெரும்பகுதி கரைந்தது. 2018–20ஆம் ஆண்டுகளுக்கான கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த இறக்கத்தில் மருத்துவர்களுக்கும் திட்டம் வகுத்தவர்களுக்கும் உரிய பங்கை நான் மறுக்கவில்லை. சைக்கிள் மிதித்தவர்களின் பங்கையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஆறு மாதப் பதவி உயர்வுப் பயிற்சி முடித்துப் பகுதி சுகாதார செவிலியரானபோது எனக்குக் கீழே சில துணை சுகாதார நிலையங்களும் அவற்றின் செவிலியர்களும் வந்தார்கள். மேற்பார்வை என்றால் ஏட்டைப் புரட்டிச் சிவப்பு மையில் வட்டம் போடுவது என்று அதுவரை நான் பார்த்திருந்தேன். எனக்கு மேலே இருந்த அம்மா ஒருவர் வேறு மாதிரி. செவிலியரோடு வீடு வீடாக வருவார்; அங்கே செவிலியர் ஏதாவது விட்டுவிட்டால் வீட்டார் முன்னிலையில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்; தெரு முனை தாண்டியதும் சொல்வார். ஊரார் கண்ணில் செவிலியரின் மதிப்பு ஓர் அங்குலம் குறைந்தாலும், அடுத்த முறை அவர் சொல்லும் அவசரத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

தாய் இறப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும், பிறகு வீட்டில் விசாரணை, மருத்துவமனையில் விசாரணை, மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆய்வு என்று வரிசையாக நடக்கும். குற்றவாளியைத் தேடுவதற்காக இல்லை, காரணத்தைத் தேடுவதற்காகத்தான் என்று எல்லாச் சுற்றறிக்கையிலும் எழுதியிருக்கும். நடைமுறையில் அந்த அறையில் மிக இளையவரும் மிகத் தாழ்ந்த பதவியில் இருப்பவருமான கிராம சுகாதார செவிலியர் மீதுதான் எல்லாப் பார்வையும் விழும். அப்படி ஒரு கூட்டத்தில், எங்கே, எவர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், என் செவிலியர் ஒருவரை நிற்க வைத்து ஓர் அலுவலர் கடுமையாகப் பேசிக்கொண்டே போனார். நான் எழுந்து, அந்தக் கடைசி நாளை மணி வாரியாகப் படிக்க அனுமதி கேட்டேன். வலி எடுத்தது எப்போது, அதை முதலில் யாரிடம் சொன்னாள், செவிலியருக்குத் தகவல் வந்தது எப்போது, அதற்கிடையே போன நேரம் எவ்வளவு என்று முன்பே குடும்பத்தாரிடம் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தேன். கணவர் வேலைக்குப் போன ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்ததில் ஓர் இரவு போயிருந்தது. செவிலியருக்குத் தகவல் வந்த அரை மணிக்குள் வண்டி வந்திருந்தது. அறை அமைதியானது, பேச்சு அதன் பிறகு வேறு திசையில் போயிற்று.

அந்தத் தாளிலிருந்துதான் எங்கள் பகுதியில் எட்டாம் மாதக் கேள்விகள் பிறந்தன. எந்த வண்டி, கூட யார் வருவார், மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார், ரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பார், வீட்டு ஆண்கள் ஊரில் இல்லாத நேரத்தில் வலி வந்தால் போகலாம் என்று சொல்ல வேண்டியவர் யார். முதல் நான்கையும் எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுப்பார்கள். ஐந்தாவதைக் கேட்பதற்கு மட்டும் எங்கள் செவிலியர்களுக்குக் கூச்சம், ஏனென்றால் அது குடும்பத்துக்குள் யார் பெரியவர் என்று கேட்பதற்குச் சமம். “மகன் இல்லாட்டி நான் சொல்றதுதான்” என்று மாமியார் சொன்னால், “அதை மகன் காதுல இன்னைக்கே போட்டு வைங்கத்தா, நான் அடுத்த வாரம் வந்து அவர்கிட்டயும் கேப்பேன்” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் மூன்று பேர் காதில் விழுந்துவிட்டால் ராத்திரி ஒரு மணிக்கு யாரும் யாரையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இதற்குப் படிவம் கிடையாது, இலக்கு கிடையாது. என் செவிலியர்கள் தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதி வைத்தார்கள். சமுதாய வளைகாப்பு நடத்தும்போதும், வளையலும் கலவைச் சாதமும் முடிந்த கையோடு, கூட வந்த மாமியார்களையும் அம்மாக்களையும் பிரசவ அறைக்குள் அழைத்துப்போய்க் கட்டிலையும் விளக்கையும் குழந்தையைச் சூடேற்றும் கருவியையும் காட்டிவிடுவோம். முன்பே ஒருமுறை பார்த்த அறைக்குக் கிளம்ப மனம் தயங்குவதில்லை.

இதே முதல் தாமதத்தை என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் பெரிய வீடுகளில் பார்த்தேன். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள்; ஊரில் ஆச்சியும் ஐயாவும், பகலில் வேலைக்கு வருகிற ஒரு பெண்ணும். இருவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இருக்கும். ஓர் ஆச்சி மூன்று நாளாக மேல்வயிறு கரிக்கிறது என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் போனபோது பட்டாலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மின்விசிறிக்குக் கீழேயும் கழுத்து வியர்த்திருந்தது. “வாயுத்தான்த்தா, மகன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, அங்க அவன் வேலையைப் போட்டுட்டுப் பதறிக்கிட்டு நிப்பான்” என்றார். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். வியர்வை, மூச்சுத் திணறல், வயிற்றுக் கரிப்பு, அசதி மட்டுமே அடையாளமாக இருக்கலாம். 108க்குச் சொல்லிவிட்டு, ஐயாவிடம் சட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னால், அவர் மகனுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்கிறார். அங்கே நடு இரவு, மகன் எடுக்கவில்லை. அந்த விசாரணையில் பேசப்பட்ட வீட்டில் கணவருக்காகக் காத்திருந்ததும் இதுவும் ஒன்றுதான். ஆச்சி பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஐந்து கேள்விகளைக் கொஞ்சம் மாற்றி, பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துப் போய், அவர்களை வைத்துக்கொண்டே பெற்றோரிடம் கேட்கும் பழக்கத்தைச் செவிலியர்களிடம் உண்டாக்கினேன். “எங்களைக் கேக்க வேண்டாம், நர்ஸம்மா சொன்னாக் கிளம்பிடுங்க” என்று மகன் வாயால் சொல்ல வைத்துவிட்டால் போதும்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை மாதந்தோறும் வீட்டுக்கே போகிறது. அதில் எனக்குப் பிடித்தது மாத்திரையைவிட, மாதம் ஒருமுறை ஒருவர் அந்த வீட்டு வாசலுக்குப் போகிறார் என்பது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. நான் பணியில் இருந்தபோது இது கையில் இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன்.

பூட்டிய வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செட்டிநாட்டில் டெங்கு வேலைக்கு வருகிற வெளியூர் அலுவலர்களுக்கு இது புரிய ஒரு மழைக்காலம் பிடிக்கும். வீட்டின் நடுவே வானம் பார்த்த வளவு. அதில் மழை நீர் இறங்கும். பின்கட்டில் கல்தொட்டி, கவிழ்க்காமல் விட்ட அண்டா. ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும், முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும், காய்ந்துபோன தொட்டியிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீடோ நாலைந்து பங்காளிகளுக்குப் பொது. காவல்காரரிடம் முன்கதவுச் சாவி மட்டும் இருக்கும். பின்கட்டுச் சாவி ஒரு பங்காளியிடம், அவர் கோயம்புத்தூரில். அவர் சரி என்றாலும் மற்றொருவர் சம்மதிக்க வேண்டும். காய்ச்சல் வருவது அந்த வீட்டுக்கு அல்ல, பின்தெருவில் இருக்கும் காலனிக்கு. பூட்டை உடைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் சுகாதார ஆய்வாளரோடும் ஊராட்சித் தலைவரோடும் உட்கார்ந்து வேறு வழி பார்த்தேன். கல்யாணத்துக்கும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் பங்காளிகள் எல்லாரும் ஒன்றாக வந்து சேரும் நாள்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் போய், ஐப்பசி மழைக்கு முன்னால் அண்டாவைக் கவிழ்க்கவும் தொட்டியில் கொசுப்புழு மருந்து போடவும் காவல்காரரிடம் ஒரு சாவி விட்டுவைக்கக் கேட்டோம். நகை இருக்கிற அறை வேண்டாம், தண்ணீர் இருக்கிற இடத்துக்கு மட்டும். பெரும்பாலானவர்கள் கொடுத்தார்கள். கொடுக்காதவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பாட்டன் காலத்துச் சாமான் அடைந்து கிடக்கும் வீட்டை அந்நியருக்குத் திறந்துவிட யாருக்கும் தயக்கம் இருக்கும்.

கொரோனா காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2021 செப்டம்பர் 12 முதல் நடந்த மெகா தடுப்பூசி முகாம்களில் ஞாயிற்றுக்கிழமையை இழந்தது நினைவிருக்கிறது. போலியோ சொட்டு மருந்துக்கு ஆண்டுதோறும் வீடு வீடாகப் போன செவிலியர்கள் வந்து உட்கார்ந்த முகாம்களில் கூட்டம் தானாக வந்தது என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே போகிறேன்.

இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிற இளைய செவிலியர்களின் முதல் முறையீடு, பதிவேற்றம். ஒரே தகவலை ஏட்டிலும் எழுதி, செயலியிலும் ஏற்றி, அதையே மாலையில் வாட்ஸப் குழுவிலும் போட வேண்டியிருக்கிறது; பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஆள் இல்லாவிட்டால் அதுவும் கூடுதல் பொறுப்பாக இவர்கள் தலையில். நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் உட்காருகிற நேரத்தைக் குறைத்துப் பதிவேற்றாதீர்கள்; பதிவு தாமதமானால் வரும் திட்டுக்குப் பதில் சொல்ல மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். அப்படி இருக்கிற மேற்பார்வையாளர்கள் எல்லா இடத்திலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பகுதி சுகாதார செவிலியராகப் பதவி உயர்வு பெறுகிறவர்கள் அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதையும் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியூரில் இருந்து இதைப் படிக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படைப்புக்கோ பங்குனி உத்திரத்துக்கோ ஊருக்கு வரும்போது, துணை சுகாதார நிலையத்துக்கு ஓர் எட்டுப் போய், அம்மா அப்பாவின் மாத்திரைச் சீட்டைக் காட்டி, ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பெயர் உங்கள் பெயராக இருக்க வேண்டாம். அரை மணியில் வந்து நிற்கக்கூடிய ஒருவருடைய பெயராக இருக்கட்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள், செவிலியரைப் பிடிப்பது கடினம்; மற்ற நாள்களில் மதியத்துக்கு மேல் போனால் இருப்பார்.